சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர்

சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ பிரான்பெல்ஸ் என்னும் ஊரில் 1990களின் தொடக்கத்தில் உருவான இசைக்குழு ஆகும். பாடகி லீ நாஷ், கிதார் கலைஞரும் பாடலாசிரியருமான மேட் ஸ்லோகம் ஆகிய இருவரே இதன் தூண்கள். 'கிஸ் மீ' என்ற பாடல் 1999இல் ஒரு திரைப்படத்தின் வழியாக இக்குழுவுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2004இல் குழு கலைந்தது.

பெயர்க் காரணம்

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தம் கிறித்தவ சமய நூல் ஒன்றில் தரும் உவமையிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. தந்தைக்குப் பரிசு வாங்க, மகன் அவரிடமே ஆறு பென்ஸ் காசு கேட்கிறான். பரிசைக் கண்டு தந்தை மகிழ்கிறார். ஆனால் அதனால் அவரிடம் ஆறு பென்ஸ் கூடிவிடுவதில்லை. மனிதர் இறைவனுக்கு அளிப்பதும் இறைவன் கொடுத்ததே என்பது இதன் பொருள்.

தொடக்க காலம்

முதல் இரு தொகுப்புகளையும் ஆர்.ஈ.எக்ஸ். என்ற சிறு இசை நிறுவனம் வெளியிட்டது. அவற்றுள் இரண்டாவதான 'திஸ் பியூட்டிஃபுல் மெஸ்' 1995இல் வந்தது. பின்னர் அந்நிறுவனம் நொடித்துப்போனது. பழைய ஒப்பந்தச் சிக்கலால் குழுவினர் சில காலம் வேறு நிறுவனத்துக்குப் போக முடியாமல் தவித்தனர். அந்தக் காத்திருப்பின் வலி அடுத்த தொகுப்பின் பாடல்கள் சிலவற்றில் ஒலிக்கிறது. இசைக்கலைஞர் ஸ்டீவ் டெய்லர் புதிதாகத் தொடங்கிய ஸ்க்விண்ட் நிறுவனம் 1997இல் அத்தொகுப்பைக் குழுவின் பெயரிலேயே வெளியிட்டது.

திரைப்படமும் புகழும்

'கிஸ் மீ' படத்துக்காக எழுதப்பட்ட பாடல் அன்று. 1997ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே அது இடம்பெற்றிருந்தது. 'டாசன்ஸ் கிரீக்' தொலைக்காட்சித் தொடரிலும், 1999 சனவரியில் வெளியான 'ஷீஸ் ஆல் தட்' படத்திலும் ஒலித்த பிறகே அது பெருந்திரளான இளைஞர்களைச் சென்றடைந்தது. புதுத் தோற்றத்துடன் கதாநாயகி மாடிப்படியில் இறங்கிவரும் காட்சியில் இப்பாடல் வருகிறது. அதே ஆண்டில் இது பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம் வரை உயர்ந்தது. கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

பிரிவு

வெற்றி பெற்ற பாடல் திறந்துவிடும் கதவு நீண்ட நாள் திறந்திருப்பதில்லை. கேட்பவர்கள் மறப்பதற்குள் அடுத்த தொகுப்பு வந்தாக வேண்டும். ஆனால் 2001இல் ஸ்க்விண்ட் நிறுவனம் டெய்லரின் கையைவிட்டுப் போனது. அதன் தாய் நிறுவனமும் கைமாறியது. இந்தக் குழப்பத்தில் புதிய தொகுப்பு தேங்கி நின்றது. 'டிவைன் டிஸ்கன்டென்ட்' 2002 அக்டோபரில்தான் வெளியானது. முந்தைய தொகுப்புக்கும் இதற்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டு இடைவெளி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'கிஸ் மீ'க்குப் பின் பரவலாகக் கேட்கப்பட்ட 'தேர் ஷீ கோஸ்', 'டோன்ட் டிரீம் இட்ஸ் ஓவர்' ஆகிய இரண்டும் பிற குழுக்களின் பாடல்களை இவர்கள் மீண்டும் பாடியவை. ஸ்லோகம் எழுதிய மற்ற பாடல்கள் அந்த அளவுக்கு எட்டவில்லை. 2004 பிப்ரவரியில் குழு கலைவதை அவர் ஒரு கடிதத்தின் வழியாக அறிவித்தார்.

பின்னர்

லீ நாஷ் 2006இல் தனித்தொகுப்பு வெளியிட்டார். இருவரும் 2007இல் மீண்டும் இணைந்தனர். 2012இல் 'லாஸ்ட் இன் டிரான்சிஷன்' வெளியானது.

சிறு நிறுவனங்களை நம்பி இயங்கும் குழுக்களுக்கு இவர்களின் கதை நல்ல சான்று. திரைப்படம் ஒரு பாடலை ஊரறியச் செய்யலாம். அடுத்த பாடல் உரிய காலத்தில் வெளிவருவது நிறுவனத்தின் நிலைமையைப் பொறுத்தது. முதல் முறை நிறுவனம் நொடித்தபோது குழு தாக்குப்பிடித்தது. இரண்டாம் முறை, புகழின் உச்சிக்குப் பிறகு வந்த தாமதத்தை அதனால் ஈடுசெய்ய முடியவில்லை.