மண்தடத்துக்கு ஏற்ற மலிவான கார் எது?

அமெரிக்காவில் ராலிகிராஸ் நடத்த ஒரு பெரிய மண்திடல் போதும். அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்து போகும் ஒரு பாதையைக் குறிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. ஐரோப்பாவில் இதே பெயரில் நடப்பது வேறு விளையாட்டு. 1967 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லிட்டன் ஹில் தடத்தில், தொலைக்காட்சி நேயர்களுக்காகத் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் பல கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பாயும். ‘ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா’ நடத்தும் ராலிகிராஸோ, வார நாட்களில் வேலைக்குப் போய்வரும் காரையே ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கானது. தலைக்கவசம் கட்டாயம். கூரையுள்ள சாதாரண காருக்கு உள்ளே இரும்புக் கூண்டு பொருத்த வேண்டிய தேவை இல்லை.

முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் என்று கார்களைத் தனித்தனிப் பிரிவுகளாகவே போட்டியில் சேர்க்கிறார்கள். இருந்தும் புதிதாக வருகிற பலருக்கும் மனம் போவது நான்கு சக்கர இயக்கத்தின் பக்கம்தான். கையில் காசு குறைவு, பழைய கார்தான் வாங்க முடியும் என்ற நிலையில் எதைப் பார்த்து வாங்குவது? பெரும்பாலோர் முதலில் கேட்பது குதிரைத்திறன் எவ்வளவு என்று. மண்ணில் அந்தக் கேள்விக்குக் கடைசி இடம்தான் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் பள்ளிக்கூட இயற்பியலிலேயே இருக்கிறது.

ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உதிரி மண்ணில் டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.5 என்று வைப்போம். நான்கு சக்கரங்களும் தள்ளினால் காரின் முழு எடையும் பிடிமானமாகப் பயன்படும். அப்போது கிடைக்கும் அதிகபட்ச உந்துவிசை சுமார் 6,370 நியூட்டன். முன்சக்கர இயக்கக் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால் இருக்கும். வேகமெடுக்கும்போது அதிலும் கொஞ்சம் பின்பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே அதற்குக் கிடைப்பது சுமார் 3,400 நியூட்டன்தான். அதே எஞ்சின், அதே டயர், அதே மண் இருந்தும் புறப்படும்போது கிடைக்கும் முடுக்கம் ஏறத்தாழ இரு மடங்காவது இதனால்தான்.

இப்போது திறனைக் கணக்கிடலாம். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். சக்கரங்களுக்கு வந்துசேரும் திறன் 100 குதிரைத்திறன் என்றால், நான்கு சக்கர இயக்கக் காரில் மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர் வேகம் வரை மண்ணின் பிடிமானம் முழுவதையும் அந்த எஞ்சினே தீர்த்துவிடும். 130 குதிரைத்திறன் வந்தால் அந்த எல்லை 55 கிலோமீட்டர். இந்தத் தடங்களில் பெரும்பாலான நேரம் கார் இரண்டாவது கியரில்தான் ஓடுகிறது. கூம்புகளுக்கு இடையிலான வேகமும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் வாங்கும் குதிரைத்திறனில் பெரும்பகுதி சக்கரத்தை வெறுமனே சுழற்றிப் புழுதி கிளப்பத்தான் உதவும். நேர்ப்பாதை நீளமாக அமைந்தால் அதிகத் திறனுக்கு வேலை இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட நீளப்பாதைகள் இந்த விளையாட்டில் குறைவு.

நான்கு சக்கர இயக்கம் எதைத் தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது, ஏனென்றால் எல்லாக் கார்களும் நான்கு சக்கரங்களாலும்தான் நிற்கின்றன. வளைவில் பக்கவாட்டுப் பிடிமானத்தையும் அது கூட்டாது. ஒரு டயரிடம் இருக்கும் மொத்த உராய்வு ஒன்றுதான். அதை முன்னோக்கித் தள்ளவும் பக்கவாட்டில் பிடிக்கவும் பங்கிட்டுத்தான் செலவழிக்க முடியும். கூடுதல் அச்சுகளும் டிஃபரன்ஷியல்களும் எடையை ஏற்றுவதால், வளைவுக்குள் நுழையும்போது கார் மூக்கைத் திருப்ப மறுத்து நேராகவே வழுக்கிப் போகும். வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்தபடியே இடது காலால் பிரேக்கைத் தொட்டு எடையை முன்னுக்குக் கொண்டுவரும் பழக்கம் ராலி ஓட்டுநர்களிடம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். வேகமாகப் புறப்படுவதும் வளைவிலிருந்து பாய்ந்து வெளியேறுவதும்தான் நான்கு சக்கர இயக்கத்தின் உண்மையான ஆதாயம். அந்த ஆதாயமே மிகப் பெரியது.

1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஆடி நிறுவனம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட குவாட்ரோ காரை வைத்தபோது, அந்த ஆதாயம் கூடுதல் எடைக்கு ஈடாகுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அடுத்த ஆண்டே மிஷேல் மூட்டோன் அந்தக் காரில் சான்ரேமோ ராலியை வென்றார். உலக ராலிப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். சில ஆண்டுகளுக்குள் உலக ராலியின் முன்வரிசையில் இரு சக்கர இயக்கக் கார்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

அப்படியென்றால் நான்கு சக்கர இயக்கம் உள்ள எந்தக் காரை வாங்கினாலும் சரிதானா? இல்லை. விஷயம் முழுவதும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் என்ன பொருத்தியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓடுகின்றன. இரு அச்சுகளையும் இறுக்கிப் பிணைத்துவிட்டால் தார்ச்சாலையில் கார் திமிறும், பற்சக்கரங்கள் நொறுங்கும். அதனால் இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் ஒன்று நடுவில் தேவை. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குறை உண்டு. இரு பக்கமும் சமமான முறுக்குவிசையைத்தான் அது தரும். ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் சுழன்றால் மற்ற சக்கரங்களுக்கும் எதுவும் போகாது.

இதற்கு எளிய தீர்வாக வந்தது விஸ்கஸ் கப்ளிங். மூடிய உருளை ஒன்றுக்குள் துளையிட்ட மெல்லிய எஃகுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக அவை முன் அச்சோடும் பின் அச்சோடும் இணைந்திருக்கும். இடையில் தேன்போல் கெட்டியான சிலிக்கோன் திரவம். இரு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அது சும்மா இருக்கும். ஒன்று வழுக்கிச் சுழலத் தொடங்கியதும் தட்டுகள் திரவத்தை அறுத்துக்கொண்டு ஓட, அதன் பிசுபிசுப்பு வேகமாகச் சுற்றும் அச்சை இழுத்துப் பிடித்து மற்றதற்கு விசையைக் கடத்துகிறது. கணினியோ சென்சாரோ எதுவும் தேவையில்லை. 1980 மாடலாக அமெரிக்காவிலேயே வெளிவந்த ‘ஏஎம்சி ஈகிள்’ என்ற காரில் இந்த ஏற்பாடு இருந்தது. காலத்துக்கு முந்திப் பிறந்த அந்தக் காருக்கு வரலாற்றில் இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் சுபாரு இம்ப்ரெசாவில், கையால் கியர் மாற்றும் வகையில், நடு டிஃபரன்ஷியலோடு இந்த விஸ்கஸ் கப்ளிங்கும் சேர்ந்தே வரும். சக்கரம் வழுக்காதவரை முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி. அதே காரின் ஆட்டோமேட்டிக் வகையில் டிஃபரன்ஷியலுக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டிலுள்ள கிளட்ச் இருக்கும், அதில் முன்சக்கரங்களுக்கே பெரும்பங்கு. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு வேறு கார்கள். ஹோண்டா சிஆர்-வியின் ஆரம்ப மாடல்கள் அடிப்படையில் முன்சக்கர இயக்கக் கார்கள். முன்சக்கரம் வழுக்கிய பிறகே இரண்டு பம்புகளின் எண்ணெய் அழுத்தத்தால் பின்சக்கரங்கள் இழுக்கத் தொடங்கும். அந்தக் கண நேரத் தாமதம் பனி படிந்த சாலையில் தெரியாது, கூம்பைச் சுற்றும்போது நன்றாகத் தெரியும். போதாததற்கு இவை உயரமான வண்டிகள். கவிழும் அபாயம் கருதி இப்படிப்பட்டவற்றைப் பல இடங்களில் தடத்துக்குள் விடுவதில்லை. தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரத்தைச் சேர்க்கும் இன்றைய கிராஸ்ஓவர்கள் பலவற்றில், தொடர்ந்து வழுக்க விட்டால் கிளட்ச் சூடேறி, அதைக் காப்பாற்றக் கணினி பின்சக்கர இணைப்பையே துண்டித்துவிடும். சுசுகி எஸ்எக்ஸ்4 அளவான உயரமும் குறைந்த எடையும் கொண்டது. இணைப்பைப் பூட்டிவைக்க அதில் பொத்தான் உண்டு, ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கும்போது பூட்டு தானாகவே விடுபடும். கைக்கு நல்ல நிலையில் ஒன்று சிக்கினால் தயங்காமல் பார்க்கலாம்.

இலினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில் தயாரான மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டாலன் கார்களும் இந்தப் பட்டியலில் வரும். டர்போ பொருத்திய 2 லிட்டர் எஞ்சினும் விஸ்கஸ் கப்ளிங்கும் உள்ள நான்கு சக்கர இயக்க வகைகள் கேட்கவே ஆசையூட்டும். ஆனால் 1999-இல் அந்த வரிசை நின்றது. அதன் நான்கு சக்கர இயக்க உதிரிபாகங்களைத் தேடி அலைய நேரமும் பொறுமையும் உள்ளவருக்கே அது சரிப்படும்.

இம்ப்ரெசாவிலும் எல்லாரும் தேடுவது 2002 மாடலாக அமெரிக்காவுக்கு வந்த 227 குதிரைத்திறன் டபிள்யூஆர்எக்ஸ். முன் உரிமையாளர்கள் பலர் அதை வதைத்திருப்பார்கள். அதன் ஐந்து கியர் பெட்டி, முரட்டுக் கையில் உடையக்கூடியது என்று பெயரெடுத்தது. 165 குதிரைத்திறன் கொண்ட 2.5 ஆர்எஸ் இன்று சேகரிப்பாளர்கள் கைக்குப் போய் விலை ஏறிவிட்டது. அதன் 2.5 லிட்டர் எஞ்சின் ஹெட் கேஸ்கெட் தொல்லைக்குப் பேர்போனதும்கூட. யாரும் திரும்பிப் பார்க்காத 2.2 லிட்டர் இம்ப்ரெசாவைத்தான் நான் பரிந்துரைப்பேன், மேனுவல் கியராக இருக்க வேண்டும். சுமார் 140 குதிரைத்திறன்தான், ஆனால் மேலே போட்ட கணக்குக்கு அது போதும். பாடுபடுத்தினாலும் தாங்கும் எஞ்சின் என்று பெயர் வாங்கியது அது. 1996 வரையான மாடல்களில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது.

இந்தத் தாங்கும் குணத்துக்கு ராலிகிராஸின் விதியே மதிப்புக் கொடுக்கிறது. தார்த் தளத்தில் நடக்கும் ஆட்டோகிராஸில் ஒருவரின் மிகச் சிறந்த ஓட்டம் மட்டும் கணக்கில் சேரும். இங்கே அன்றைய எல்லா ஓட்டங்களின் நேரமும் கூட்டப்படும். ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி, கூம்புகளுக்கு இடையிலான ஒரு வாயிலைத் தவறவிட்டால் 10 வினாடி தண்டனை. எஞ்சின் சூடேறி ஒரு ஓட்டத்தை விட்டுவிட்டால் அன்றைய நாளே போயிற்று.

வாங்கப் போகும்போது செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று மிக எளிது, பலர் அதைச் செய்வதில்லை. காரை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, காலியான தார்த் தளத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடிக்க வேண்டும். கார் தடங்கலின்றி உருண்டால் நல்லது. யாரோ பிரேக்கைப் பிடிப்பதுபோல் விட்டுவிட்டு இழுத்தால் விஸ்கஸ் கப்ளிங் இறுகிப்போயிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் டயரில் இருக்கும். தேய்ந்த மூன்றோடு புதிதாக ஒன்றைப் போட்டிருந்தால் சுற்றளவு மாறும். அப்போது நேர்ச்சாலையில்கூட அந்தத் திரவம் ஓயாமல் வெட்டுப்பட்டுச் சூடேறிக் கெடும். நான்கு டயர்களிலும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று சுபாருவே சொல்கிறது. எஞ்சின் ஓடும்போது கூலண்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களின் கார் என்றால் பின்சக்கர வளைவுக்கு உள்ளே, ஷாக் அப்சார்பர் மேலே பிணையும் இடத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளியே பெயின்ட் மின்னினாலும் அங்கே துரு தின்றிருந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் உறுமல் சத்தம் கேட்டால் வீல் பேரிங் போகப் போகிறது. பழைய சுபாருக்களில் அது சகஜம், மாற்றவும் முடியும், விலையில் குறைத்துக் கேட்டு வாங்கலாம்.

மிச்சம் பிடித்த பணம் முதலில் போக வேண்டியது டயருக்கு. உதிரி மண்ணில் அகலமான டயர் மேலே மிதக்கும். குறுகலான டயர்தான் பொடியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். தொடங்குகிறவர்கள் பலர் குளிர்கால டயரையே போட்டுக்கொள்வது அதனால்தான். 15 அங்குலச் சக்கரம் பொருந்தும் கார் இங்கே நல்வாய்ப்பு. அந்த அளவில் உயரமான பக்கச்சுவர் கொண்ட டயர்கள் எளிதாகக் கிடைக்கும், கல்லில் இடித்தாலும் ரிம் தப்பிக்கும். அடுத்து எஞ்சினுக்கு அடியில் ஒரு கனமான உலோகத் தகடு, அதன் பிறகு நல்ல ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு நிகழ்வு முடிந்ததும் ரிம்மின் உட்புறத்தில் அப்பிய சேற்றையும் ரேடியேட்டரில் அடைத்த புல்லையும் கழுவி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை காலை அதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும்.