பயிரழிக்கும் காட்டுப்பன்றியும் குறிபார்க்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும்

விருதுநகர் ஜில்லாவில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியால் நேரும் நஷ்டம் யாவரும் அறிந்ததே. நல்ல துப்பாக்கியும் அதன்மேல் பொருத்தும் 'ஸ்கோப்' என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் இருந்தால் இத்தொல்லை ஒழியுமெனச் சிலர் எண்ணுகின்றனர். ஆகவே அக்கருவியின் தன்மையையும், அதை யார் உபயோகிக்கலாம் என்பதையும் ஈண்டு விளக்குவோம்.

முதலாவது, சட்டம். 1959-ம் வருஷத்திய ஆயுதச் சட்டப்படி, பயிர்ப் பாதுகாப்புக்கு அளிக்கப்படும் லைசென்ஸ் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரியது. அது போதாதெனக் கண்டால் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கு வழங்கலாம். இவற்றின் குண்டு நெடுந்தூரம் குறி தவறாது செல்லாது. ஆதலின் கண்ணாடி பொருத்துவது வீண் செலவு. மேலும், லைசென்ஸ் இருப்பதனாலேயே பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கின்றது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசாங்கம் வெளியிட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் வன இலாகாவின் பயிற்சி பெற்ற சிப்பந்திகளே செய்தல் வேண்டும்.

அச்சிப்பந்திகளின் ரைபிளுக்கு எத்தகைய கண்ணாடி ஏற்றது? பெருக்கம் மிகுந்ததே சிறந்தது என்பது தவறு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியில் 4 மடங்கு பெருக்கினால் 10 மில்லிமீட்டர். 9 மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய 4½ மில்லிமீட்டரே. இருளில் மனிதனின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஆகவே பன்றி வெளிவரும் அந்திப்பொழுதில் குறைந்த பெருக்கமே தெளிவாய்க் காட்டும். பார்வைப் பரப்பும் அகன்றிருக்கும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 3, 4 அங்குல இடைவெளி வேண்டும். இன்றேல் பின்னுதைப்பில் புருவம் கிழியும். பொருத்திய பின் இலக்குப் பலகையில் சுட்டுக் குறியைச் சரிசெய்யாத கண்ணாடி, இல்லாமையினும் கேடானது.

கண்ணாடி விலங்கைக் காட்டுமேயன்றி, அதன் பின்னால் இருப்பதை முழுதும் காட்டாது. சிறிய .22 ரைபிள் குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் செல்ல வல்லது. விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் நிலங்களுக்கு அப்பால் பட்டாசுத் தொழிற்சாலைகளும், மருந்து வைக்கும் அறைகளும், வேலையாட்கள் நடக்கும் பாதைகளும் உள்ளன. தவறிய ஒரு குண்டு பல உயிர்களைக் குடிக்கலாம். பின்புறம் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

பழத்திலோ மாவிலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் வழக்கம் இதனினும் கொடிது. 2020 மே மாதம் பாலக்காடு ஜில்லாவில் வெடி பொதிந்த பழத்தைக் கடித்த சினையானை வாய் சிதைந்து மாண்டது. வைத்தவனுடைய பசுவுக்கும் குழந்தைக்கும் அதே கதி நேரலாம். மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றமே; அது மனிதரையும் கொல்லும்.

நிலச்சுவான்தார்கள் செய்யத்தக்கது யாதெனில்: அடிப்பாகம் ஓரடி மண்ணில் புதையுமாறு கம்பிவலை வேலி அமைத்தல், அல்லது விதிப்படி பதிவு செய்த சூரியசக்தி வேலி இடுதல், வரப்போரம் ஆமணக்கை நெருக்கமாய் விதைத்தல். சேதம் நேர்ந்தால் சர்வே நம்பர், பயிர், சேதப்பரப்பு ஆகியவற்றை எழுதி வன இலாகாவுக்கு மனுச் செய்க. கிராம அதிகாரிகள், அந்நிலத்தைச் சூழ்ந்த பட்டாசு அறைகளையும் பாதைகளையும் வரைபடத்தில் குறித்து, சுட வருவோரிடம் முன்னதாகவே காட்டுவார்களாக. கண்ணாடியைத் தெரிந்தெடுப்பதினும் இதுவே முந்திய கடமை.