குழிக்குள் பிழைத்த டாங்கி

இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள ஆஷ்ஃபோர்டு நகரச் சதுக்கத்தில் முதல் உலகப் போர்க்கால டாங்கி ஒன்று இன்றும் நிற்கிறது. போர்ச் செலவுக்காகச் சேமிப்புப் பத்திரங்கள் வாங்கிய ஊர்களுக்கு நன்றி சொல்ல, 1919இல் பிரிட்டிஷ் அரசு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளைப் பரிசாகக் கொடுத்தது. அவற்றில் கொடுத்த ஊரிலேயே இன்றுவரை இருப்பது இது ஒன்றுதான். மற்றவை பூங்காக்களில் மழையில் நனைந்து துருவேறி, பெரும்பாலும் 1930களுக்குள் பழைய இரும்புக்கு விலைபோயின. மிஞ்சியவற்றை இரண்டாம் உலகப் போரின் எஃகுத் தேவை விழுங்கியது.

ஆஷ்ஃபோர்டு டாங்கியைக் காப்பாற்றியது மின்சாரம். 1929இல் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு மின்மாற்றியை வைத்துப் பூட்டினார்கள். ஊருக்கு மின்சாரம் தரும் பெட்டியை உடைத்து உருக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1968இல் மின்மாற்றியை அகற்றியபோது, டாங்கியை வரலாற்றுச் சின்னமாகப் பார்க்கும் காலம் வந்துவிட்டிருந்தது.

ஜெர்மனி முதல் உலகப் போரில் கட்டிய ஏ7வி வகை டாங்கிகள் 20 மட்டுமே. பிழைத்தது ஒன்று, 'மெஃபிஸ்டோ'. 1918 ஏப்ரலில் பிரான்ஸின் வில்லேர்-பிரெத்தோனே அருகே குண்டுக் குழியில் சிக்கி நின்றுவிட்டதை, ஜூலையில் ஆஸ்திரேலியாவின் 26ஆவது பட்டாலியன் வீரர்கள் கைப்பற்றினார்கள். அதைக் கப்பலேற்றி பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகத்திலிருந்து அருங்காட்சியகம் வரை இரண்டு நீராவி ரோடு ரோலர்கள் இழுத்துச் சென்றன. உலகின் மறுகோடிக்குப் போனதால் அது பிழைத்தது. 2011 வெள்ளம் அங்கேயும் தேடிவந்து அதைச் சேதப்படுத்தியது வேறு கதை.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்ப்பது 'டெபோரா'. 1917 நவம்பர் 20 அன்று, பிரான்ஸின் கம்ப்ரே போர்க்களத்தில் 470க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் டாங்கிகள் கிளம்பின. அவற்றில் ஒன்றான டி51 டெபோரா, ஃபிளெஸ்கியேர் கிராமத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தபோது ஜெர்மன் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்கானது. மார்க் 4 வகையின் கவசத் தகடு அதிகபட்சம் 12 மில்லிமீட்டர் கனம்தான். துப்பாக்கி ரவையைத் தடுக்கும். நேரே வரும் பீரங்கிக் குண்டைத் தடுக்காது. உள்ளே இருந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். டாங்கியின் தளபதி பிராங்க் ஹீப் உயிர் பிழைத்தார்.

பிறகு அந்த டாங்கியைப் பதுங்கிடமாக்க ஒரு குழிக்குள் இறக்கி மூடிவிட்டார்கள். கம்ப்ரேவைச் சேர்ந்த பிலிப் கோர்சின்ஸ்கி அதைப் பல ஆண்டுகள் தேடினார். ஊரில் ஒரு டாங்கி புதைக்கப்பட்டதைச் சிறுமியாகப் பார்த்த மூதாட்டியின் நினைவும், வானிலிருந்து எடுத்த படங்களும் அவருக்கு வழிகாட்டின. 1998 நவம்பரில் தோண்டியபோது இரும்பு தட்டுப்பட்டது.

எண்பது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த இரும்பு ஏன் தூளாகவில்லை? துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். ஈரம் மட்டும் போதாது. ஆழத்தில், இறுகிய மண்ணில் காற்று புகுவது அரிது. துருவேறும் வேகம் குறைந்துவிடும். காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் நிலைத்து, மேலும் அரிப்பதைக் குறைக்கும். வேறொரு வகையில் எஸ்டோனியாவிலும் இதைப் பார்த்தோம். ஓர் ஏரியடியின் கரிச்சேற்றில் 56 ஆண்டுகள் கிடந்த டி-34 டாங்கியை 2000இல் இழுத்தெடுத்தபோது, அதன் வண்ணமும் குறிகளும்கூட மிஞ்சியிருந்தன. நனைவதும் காய்வதுமாகத் திறந்தவெளியில் நிற்பதுதான் இரும்புக்கு எமன். பூங்காக்களில் வைத்தவை அப்படித்தான் வீணாயின. புதைந்து கிடப்பதற்கு ஒரு சிக்கல் உண்டு. தோண்டி எடுத்த நொடியிலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்போதே கூரையும் பராமரிப்பும் தயாராக இருக்க வேண்டும்.

கிடைத்தது எந்த டாங்கி என்று உறுதிசெய்வது அடுத்த வேலை. அதற்குத் தடயமாக அமைந்தவை குண்டு துளைத்த ஓட்டைகள். தளபதி ஹீப்பின் குடும்பத்தில் அழிந்த டாங்கியின் பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. முன்பக்கம் கிழிந்து கிடந்த விதம், மண்ணிலிருந்து வந்த டாங்கியோடு அப்படியே பொருந்தியது. பெயர் திரும்பியது; பெயரோடு இறந்த ஐவரின் பெயர்களும் திரும்பின. இப்போது டாங்கி இருக்கும் அருங்காட்சியகம் 2017இல், அவர்கள் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே திறக்கப்பட்டது.

பழைய டாங்கி கிடைத்தால் ஒட்டுப்போட்டு, புது வண்ணம் பூசி, ஓடவைக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் உண்டு. ஓடும் டாங்கியின் சத்தமும் அதிர்வும் வேறெதிலும் கிடைக்காதுதான். ஆனால் பிரஸ்ஸல்ஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ள 'லோட்ஸ்டார் 3' டாங்கி போர்க்கால வண்ணத்தோடு இருப்பதால்தான், மார்க் 4 டாங்கிகள் உண்மையில் என்ன நிறம் என்று ஆய்வாளர்கள் நேரில் பார்க்க முடிகிறது. ஒரு கை புது வண்ணம் அந்தச் சான்றை மூடிவிடும். டெபோராவின் ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. கிழிந்த தகடுகள் கிழிந்தபடியே இருக்கின்றன. அது மிகச் சரியான முடிவு என்பேன்.