செலவாகாத காசு: புரூஃப் நாணயங்களும் அவற்றை நிழற்படம் எடுத்தலும்

அச்சகத்தோடு சிறிதளவேனும் தொடர்புடையோர்க்குப் 'புரூஃப்' என்ற சொல் புதிதன்று. நூல் அச்சேறுமுன் பிழை நோக்கும் பொருட்டு எடுக்கப்படும் சோதனைத் தாளை அச்சொல் குறிக்கும். நாணயச் சாலைகளிலும் அது முதலில் இதே பொருளில்தான் வழங்கிற்று. புதிய அச்சு செதுக்கி முடிந்ததும், எழுத்தும் உருவும் செவ்வையாக விழுகின்றனவா என்று பார்ப்பதற்காகச் சில காசுகளை மிகுந்த கவனத்துடன் அடித்துப் பார்ப்பர். காலப்போக்கில் அந்தச் சோதனைக் காசுகளின் அழகே அவற்றுக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தது. இன்று புரூஃப் என்பது சோதனையைக் குறிப்பதில்லை. சேகரிப்போருக்கென்றே உயர்ந்த முறையில் அடிக்கப்படும் நாணயத்தைக் குறிக்கிறது.

அம்முறை எளிதானதுதான், பொறுமையை மட்டும் மிகுதியாக வேண்டுவது. அச்சின் சமதளப் பகுதி கண்ணாடி போல ஒளிரும் வரை மெருகிடப்படும். உருவும் எழுத்தும் அமைந்த குழிவான பகுதிகள் மட்டும் சொரசொரப்பாக விடப்படும். காசாகப் போகும் உலோக வில்லையையும் மெருகேற்றி, மெதுவான அழுத்தத்தில் ஒரு முறைக்கு இரு முறையாக அடிப்பர். அடித்த காசுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதவாறு தனித்தனியே கையால் எடுக்கப்படும். முடிவில், இருண்ட கண்ணாடியின்மீது பனி படர்ந்தாற்போன்ற வெண்மையில் உருவம் மிதப்பதாகத் தோன்றும். நம் சட்டைப்பையில் கிடக்கும் ஐந்து ரூபாய்க்கும் இதற்கும் உலோகம் ஒன்றாகவே இருக்கலாம். தோற்றத்தில் இரண்டும் உறவினர் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கும்.

சென்னைக்கும் இக்கலைக்கும் உள்ள தொடர்பு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1803ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென 10 காசு, 20 காசு ஆகிய செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்து வரவழைத்தது. நீராவியால் இயங்கும் நாணயப் பொறிகளை அமைத்துப் புகழ்பெற்ற மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையே அவற்றைச் செய்தது. புழக்கத்துக்கான காசுகளோடு, மெருகிட்ட அச்சுகளைக் கொண்டு புரூஃப் மாதிரிகளும் அங்கே அடிக்கப்பட்டன. அவற்றுள் சில பொன்முலாம் பூசப்பட்டவை. ஒரு புறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்துகளில், இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும் என்ற செய்தி.

அரபி பயின்றோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும். 'ஃபலூஸ்' என்பது 'ஃபல்ஸ்' என்னும் அரபிச் சொல்லின் பன்மையாகிய ஃபுலூஸே. அந்த ஃபல்ஸும் ரோமரின் 'ஃபோலிஸ்' என்ற செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது. இன்றைக்கும் அரபு நாடுகளில் பணத்துக்குப் பேச்சு வழக்கில் ஃபுலூஸ் என்றுதான் பெயர். 'காசு' என்னும் நம் சொல்லோ போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆகி, அதே நாணயத்தில் ரோமன் எழுத்தில் நிற்கிறது. பர்மிங்காமின் நீராவிப் பொறி தமிழ்ச் சொல் ஒன்றையும் அரபிச் சொல் ஒன்றையும் ஒரே செப்பு வில்லையில் பொறித்து அனுப்பியிருக்கிறது.

1808ஆம் ஆண்டு தேதியிட்ட இதே வகைக் காசுகளை ஏராளமாக ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போயிற்று. 1980களில் முக்குளிப்போர் அவற்றை இலட்சக்கணக்கில் மீட்டனர். சென்னைக் கடைவீதியில் ஒரு படி அரிசிகூட வாங்காத அக்காசுகள் இன்று உலகெங்கும் சேகரிப்போரின் பேழைகளில் உள்ளன. அவை புரூஃப் அல்ல. ஆயினும் செலவாகாத காசு என்ற வகையில் இரண்டும் ஒன்றே. நம் கட்டுரையின் கேள்வியும் அதுதான்: செலவழிக்கப்படாத காசு காசுதானா?

தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த சென்னை நாணயச் சாலை 1869இல் மூடப்பட்டது. இப்பொழுது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் மட்டுமே இந்திய நாணயங்கள் அடிக்கப்படுகின்றன. மும்பையின் புழக்கக் காசில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் காணப்படும். அங்கு அடிக்கப்பட்ட புரூஃபில் முன்னாளில் 'பி' என்ற ரோமன் எழுத்தும் பின்னாளில் 'எம்' என்ற எழுத்தும் இடம்பெற்றன. காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969இல் வெளிவந்த பத்து ரூபாய் வெள்ளி நாணயம் பதினைந்து கிராம் எடையும் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளியும் உடையது. அதன் புரூஃபைக் கையில் ஏந்திப் பார்த்தவர்கள் பலர் இப்பொழுதுபோக்கை விட்டதில்லை. தமிழ் வாசகருக்கு நெருக்கமானவை வேறு சிலவும் உண்டு. 2009இல் பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு நாணயம் அவருடைய தமிழ்க் கையொப்பத்தைத் தாங்கி வந்தது. 2024 ஆகஸ்ட் 18இல் சென்னைக் கலைவாணர் அரங்கத்தில் வெளியிடப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்ற தொடர் தமிழிலேயே உள்ளது. மௌலானா அபுல் கலாம் ஆஸாதின் 125ஆம் பிறந்த ஆண்டையொட்டியும் நாணயம் வெளிவந்ததை நம் மாணவர்களுள் பெரும்பாலோர் அறியார்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தியாகராய நகர் உஸ்மான் சாலை நகைக்கடைகளில் விற்கும் வெள்ளிக் 'காசு'கள் எவ்வளவு பளபளத்தாலும் நாணயங்கள் அல்ல. அரசின் ஆணையும் மதிப்பெண்ணும் இல்லாத அவை பதக்கங்கள் மட்டுமே. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த ஸர் முஹம்மது உஸ்மானின் பெயரைத் தாங்கிய சாலையில் நாள்தோறும் நடக்கும் இந்தப் பெயர் மயக்கத்தை நாம் பெரிதாகக் குறை கூறவில்லை. வாங்குவோர் தெரிந்து வாங்கினால் போதும்.

இனி நிழற்படத்துக்கு வருவோம். பழைய காசைப் படமெடுப்பது எளிது; புரூஃபைப் படமெடுப்பது முகம் பார்க்கும் கண்ணாடியைப் படமெடுப்பதற்கு ஒப்பாகும். அறையின் விட்டமும் மின்விசிறியும் கேமராவும் எடுப்பவரின் மூக்கும் அதில் விழும். கைப்பேசியில் அவசரமாக எடுக்கும் படத்தில் தளம் சாம்பல் நிறமாகவும் உருவம் வெளிறியும் போவதற்குக் காரணம் கருவியின் குறை அன்று. ஒளி வரும் திசையை நாம் எண்ணிப் பாராததே.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இருந்து 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை எழுதிய இப்னுல் ஹைதம் (ரஹ்), அதன் நடுப்பகுதிகளை எதிரொளிப்புக்கே ஒதுக்கினார். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் திரும்பும் என்பதைக் கருவி அமைத்துச் சோதித்துக் காட்டினார். புரூஃப் நாணயத்தின் முழு இரகசியமும் இவ்வளவுதான். கேமராவை நாணயத்துக்கு நேர்மேலே நிறுத்தி, விளக்குகளை இரு பக்கங்களிலும் சாய்வாக வைத்தால், கண்ணாடித் தளத்தில் பட்ட ஒளி லென்ஸுக்கு வாராமல் எதிர்ப்புறம் ஓடிவிடும், தளம் கருமையாகும். சொரசொரப்பான உருவமோ ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதால் வெண்மையாக எழும். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு அட்டை ஒன்றைத் துளையிட்டு மாட்டினால் விட்டமும் விசிறியும் மறைந்துவிடும். இதற்கு மாறாக, லென்ஸுக்கும் காசுக்கும் இடையே சாதாரணக் கண்ணாடித் துண்டொன்றை 45 பாகைச் சாய்வில் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டினால், ஒளி செங்குத்தாக இறங்கி அவ்வழியே மேலேறும். தளம் ஒளிர, உருவம் நிழலாகும்.

(கேமரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று; அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இல்லாத சான்று எதுவும் தேவையில்லை.)

இவ்விரு முறைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அழகைப் பற்றியது மட்டுமன்று. கருந்தளப் படத்தில் நுண்ணிய கீறல்கள் சில வேளைகளில் மறைந்துவிடக்கூடும். ஒளித்தளப் படத்தில் துணியால் ஒருமுறை துடைத்த தடமும் தெரிந்துவிடும். ஆகவே விற்பனைக்கெனக் கருந்தளப் படத்தை மட்டும் காட்டுவோர் அறிந்தோ அறியாமலோ குறையை மறைக்கக்கூடும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை அடியில் வைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நம் வாசகர் அறிவர். இரு படங்களையும் காட்டுவதே நேர்மை என்பது நம் கருத்து.

நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. கூடியவரை எடுக்க வேண்டா. எடுத்தே தீர வேண்டுமாயின் மெல்லிய கையுறையோடு விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். தளத்தில் விரல் பட்டால் அத்தடம் சில மாதங்களில் உலோகத்திலேயே பதிந்துவிடும். அப்பொழுது பேசுவதும் கூடாது. எச்சில் துளி ஒன்று விழுந்தாலும் கறைதான். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரம் மிகுதியாதலால் பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்று எப்பொழுதும் இருத்தல் நலம். புளியாலோ சாம்பலாலோ விளக்குவது வெண்கலப் பாத்திரத்துக்குரியது. புரூஃபை அவ்வாறு விளக்கியவர் கையில் வெள்ளி மிஞ்சும், புரூஃப் மிஞ்சாது.

இவ்வளவு கவனத்தோடு ஒரு காசைத் தொடாமல், செலவழிக்காமல் வைத்திருப்பது தகுமா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் நன்றியறிதலைப் பற்றிப் பேசுமிடத்து, பொன்னும் வெள்ளியும் தமக்கென நோக்கம் அற்றவை, பிற பொருள்களின் மதிப்பைக் காட்டுவதற்கென்றே படைக்கப்பட்டவை என்கிறார்கள். தனக்கென நிறமின்றி எல்லா நிறங்களையும் காட்டும் கண்ணாடியை அதற்கு உவமையாக்குகிறார்கள். பணத்தைப் பூட்டி வைப்பவர், மக்களிடையே தீர்ப்பளிக்க வேண்டிய நீதிபதியைச் சிறையிட்டவருக்கு ஒப்பாவார் என்பதும் அவர்கள் கூற்று. புரூஃப் நாணயமோ பெயரளவில் காசு; உருவில் உண்மையாகவே கண்ணாடி; ஆனால் எப்பொருளின் விலையையும் அது காட்டுவதில்லை. மேற்சொன்ன கலைஞர் நாணயம் நூறு ரூபாய் எனப் பொறிக்கப்பட்டிருந்தும், தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதனை நூறு ரூபாயாக எண்ணி ஒருவரும் கடைக்குக் கொண்டுசெல்லார். எனவே இத்தகையது நடைமுறையில் பணமன்று, வேலைப்பாடு அமைந்த சரக்கு என்பதும், நூறு ரூபாயைப் பத்தாயிரத்துக்கு மாற்றும் ரிபாவாக இதைக் கொள்ள வேண்டியதில்லை என்பதும் நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம். சட்டப்படி அது செல்லுபடியாகும் நாணயமே என்பது அவர்களுக்கு வலுவான வாதம்.

ஆயினும் சரக்கு என்றதோடு விடயம் முடிவதில்லை. சரக்கு வெள்ளியாயிற்றே. 1986இல் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி, காகிதப் பணத்துக்கும் பொன் வெள்ளிக்குரிய ரிபா, ஜகாத் சட்டங்கள் பொருந்தும் எனத் தீர்மானித்தது. அதன்படி ரூபாய் கொடுத்து வெள்ளி வாங்குகையில் விலை எவ்வளவாகவும் இருக்கலாம். ஆனால் கொடுக்கல் வாங்கல் அதே அமர்வில் முடிய வேண்டும். நாணயச் சாலைகளிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்திப் பதிவு செய்து, பல மாதங்கள் கழித்து அஞ்சலில் பெறுவது சேகரிப்போரிடையே நெடுநாளைய வழக்கம். இதில்தான் நம்மவர் பலர் எண்ணிப் பாராமல் இறங்கிவிடுகின்றனர். வெள்ளி கலவாத செப்பு, நிக்கல் தொகுதிகளில் இச்சிக்கல் இல்லை. வெள்ளியாயின், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் கையிருப்பு உள்ள வணிகரிடம் நேரில் வாங்குவதே பேணுதலான வழி. நண்பர்கள் தம்மிடையே வெள்ளிக் காசுக்கு வெள்ளிக் காசு மாற்றிக்கொள்வதில் எடைச் சமநிலை குறுக்கிடும். மட்டமான பேரீச்சம்பழத்தை விற்று, அத்தொகையில் நல்லதை வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இங்கும் உண்டு.

பதுக்கிவைத்தல் பற்றிய திருமறை எச்சரிக்கை இதற்குப் பொருந்துமா என்ற வினாவுக்கு, ஜகாத் கொடுக்கப்பட்ட செல்வம் பதுக்கல் ஆகாது என்னும் இப்னு உமர் (ரலி) அவர்களின் விளக்கம் போதுமானது. கணக்கைச் சரியாகப் போட வேண்டும், அவ்வளவே. அண்மைக்கால நூறு ரூபாய் வெள்ளி நாணயங்கள் பல 35 கிராம் எடையில், பாதி வெள்ளியும் மறுபாதி செம்பு, நிக்கல், துத்தநாகமும் கலந்தவை. ஷாபிஈ மத்ஹபில் தூய வெள்ளி மட்டுமே கணக்கில் வரும். நிஸாபை 595 கிராம் எனக் கொண்டால், நாணயத்துக்கு 17.5 கிராமாக முப்பத்து நான்கு நாணயங்களில் அது நிறையும். ஹனபி மத்ஹபில் வெள்ளி மிகுந்திருந்தால் காசு முழுவதும் வெள்ளியாகக் கருதப்படும். சரிபாதியாயின் கருத்து வேறுபாடு உண்டு, பேணுதலாக ஜகாத் கொடுப்பதே தேர்ந்தெடுக்கப்பட்ட கருத்து. நிஸாப் 612.36 கிராம் என்போர்க்குப் பதினெட்டாவது நாணயத்தில் அது நிறையும். கையிலுள்ள பிற பணத்தோடு சேர்க்கும்பொழுது இவ்வெண்ணிக்கை இன்னும் குறையும்.

ஆகவே ஒவ்வொரு நாணயத்தின் இரு படங்களோடும் ஆண்டு, சாலைக் குறி, எடை, வெள்ளியின் பங்கு, வாங்கிய நாள், கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. வாங்கிய நாளை ஹிஜ்ரித் தேதியிலும் குறித்துக்கொண்டால், ஓராண்டு நிறைவைக் கணக்கிடும்பொழுது பெட்டியைத் திறந்து காசுகளை மீண்டும் தொட நேராது.