கேரித் தீவிலிருந்து புத்ராஜெயா வரை

ஜெஞ்சாரோம் வழியாகச் செல்லும் கிள்ளான்–பந்திங் சாலையில் செம்பனைக் குலை லாரிகள் நாள் முழுக்க ஓடுகின்றன. அவற்றின் டாங்கியில் உள்ள டீசலிலும் 10 விழுக்காடு செம்பனைதான். தோட்ட நிறுவனங்கள் அரசிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்ற விழுக்காடு அது. இந்த வட்டாரத்துக்கு அத்தகைய கேட்டல் பழையது.

பக்கத்துக் கேரித் தீவு, எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற துரையின் பெயரைத் தாங்கியது. அவர் காலத்துத் துரைமாருக்கு வேண்டியது கித்தா வெட்ட ஆள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி பிறந்தது. தோட்டங்கள் கட்டணம் செலுத்தின. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நிதியை நடத்திய குழுவில் அதிகாரிகளோடு துரைமாரும் அமர்ந்தனர். தொழிலாளி வாய் திறந்தபோது நடந்தது வேறு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. நாள் கூலி ஏறக்குறைய 50 காசு. சீனருக்கு இணையான கூலி கேட்டார்கள்; துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கோரிக்கையை நினைக்கும்தோறும் நெஞ்சு கனக்கிறது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்று கித்தா போய்ச் செம்பனை, பேச்சு புத்ராஜெயாவில். 2006-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்ததும் ஆலை உரிமத்துக்கு நிறுவனங்கள் முண்டியடித்தன. செம்பனை எண்ணெய் விலை ஏறியதும் அதை எரிபொருளாக்குவது கட்டுப்படியாகவில்லை. பல ஆலைகள் காகிதத்தோடு நின்றன. கட்டாயக் கலப்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2011-இல் 5 விழுக்காடு கலந்த பி5, 2019-இல் 10 விழுக்காடு கலந்த பி10. கையிருப்பு குவிந்தால் விலை சரியும். உள்நாட்டு டீசலில் கலந்தால் கையிருப்பு கரையும். முன்னதாக 2016-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் பி10 இயந்திரத்துக்கு ஆகாது என்று சொல்லியும் கொள்கை திரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2030-க்குள் செம்பனை எரிபொருளை விலக்கத் தீர்மானித்ததை எதிர்த்து, 2021-இல் மலேசிய அரசே உலக வணிக அமைப்புக்கு வழக்கோடு போனது. அன்று துரைமார் அரசிடம் போனார்கள். இன்று அவர்களின் வாரிசு நிறுவனங்களுக்காக அரசே கடல் கடந்து போகிறது.

குலை விலை தாங்குவதால் சிறுதோட்டக்காரருக்கும் நன்மை உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. 50 காசு இருந்த இடத்தில் இன்று குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் லயங்களில் தமிழர் அருகி, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்துவிட்டார்கள். 1907-இல் ஆள் கொண்டுவரும் செலவு தோட்டத்தின் பொறுப்பு. நூறாண்டு கழித்து அது தொழிலாளியின் தலையில் விழுந்தது. 2020 இறுதியில் கட்டாய உழைப்பு ஐயத்தால் சைம் டார்பி பிளான்டேஷன் எண்ணெயை அமெரிக்கா தடுத்த பிறகுதான், ஏஜெண்டுகளிடம் தொழிலாளர்கள் கட்டிய பணத்தை அந்நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2023-இல் தடை நீங்கியது.

பிரஸ்ஸல்ஸில் எந்த நிறுவனம் எதற்காக அதிகாரிகளை அணுகுகிறது என்பதற்குப் பொதுப் பதிவேடு உண்டு. மலேசியாவில் அதற்கென ஒரு சட்டம் இல்லை. லங்காவியில் 2020-இல் தொடங்கிய பி20 நாடு முழுக்க விரியுமுன், புத்ராஜெயாவில் யார் யாரைச் சந்தித்து என்ன கேட்டார்கள் என்று செம்பனை வெட்டுகிறவரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும்.