டேபிள் வாங்கும் முன் கட்டடத்தைப் பாருங்கள்

சென்னையில் பூல் பார்லர் தொடங்க நினைக்கிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் காரியம் செய்கிறார்கள். முதலில் டேபிள் விலை விசாரிப்பது, பிறகு நல்ல மெயின் ரோட்டில் இடம் பிடித்துப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது, அதன்பின் உள்ளலங்காரம். உரிமம், வரைபடம், மின் இணைப்பு பற்றிய யோசனை எல்லாம் திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் வரும். வீட்டு நகையை அடகு வைத்துப் போட்ட முதல் முடங்குவதற்கு இந்த வரிசைக் கோளாறே முக்கியக் காரணம். சட்டம் இந்தத் தொழிலுக்கு எதிராக இல்லை. ஆனால் காகிதம் கையில் இல்லாதவருக்கு அது துணைக்கு வராது.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். பூல், ஸ்னூக்கர் என்றாலே சூதாட்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் உருவாகி, நம் ஊட்டி கிளப்பில் விதிமுறை பெற்ற விளையாட்டு. சட்டத்தின் பார்வையிலும் இது திறமை விளையாட்டுதான். 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் 11-வது பிரிவும், 1888-ம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 49-வது பிரிவும், முழுக்கத் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்குச் சூதாட்டத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்கின்றன. வாய்ப்பைவிடத் திறமை மேலோங்கி நிற்கும் ஆட்டம் திறமை ஆட்டமே என்று 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கு. தமிழ்நாட்டின் இதே இரண்டு சட்டங்களை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது.

ஆகவே மணிக்கு இவ்வளவு என்று டேபிளுக்குக் கட்டணம் வாங்குவது குற்றமல்ல. சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. சுற்றி நிற்பவர்கள் ஆட்டத்தின் மீது பணம் கட்டுவார்கள். அந்தப் பணத்தைக் கல்லாவில் வைத்திருக்கச் சொல்வார்கள். ஜெயித்தவர் உரிமையாளருக்கு ஒரு பங்கு தருவார். அந்தப் பங்கை வாங்கிய நிமிடம், உங்கள் இடம் லாபத்துக்காக நடத்தப்படும் பொதுச் சூதாட்ட விடுதி என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சியம் கொடுத்ததாகிவிடும். தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். யார் கொடுத்தாலும் சரி, நேரத்துக்கு உரிய கட்டணத்தை மட்டும் வாங்கி, அதற்கு ரசீது போடுங்கள். பந்தயப் பணம் கல்லாப் பெட்டியைத் தொடவே கூடாது. பந்தயம் கட்டுகிறவர் எவ்வளவு பழகிய வாடிக்கையாளராக இருந்தாலும் வெளியே அனுப்பத் தயங்காதீர்கள்.

இனி கட்டடம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: அனுமதி பெற்ற வரைபடம், கட்டட நிறைவுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது. வரைபடத்தில் அந்தத் தளம் குடியிருப்பு என்றிருந்தால், முகப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேறு இடம் பார்ப்பதே நல்லது. அடித்தளம் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டப்பட்டிருந்தால் அங்கே டேபிள் போடக் கூடாது. சி.எம்.டி.ஏ.வோ மாநகராட்சியோ பூட்டி சீல் வைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் பொருள்தான். வெள்ள அபாயத்தையும் யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிப் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். டேபிளின் மரச்சட்டமும் கம்பளித் துணியும் ஒருமுறை ஊறினால் பிறகு தேறாது. எந்தத் தளமாக இருந்தாலும் தீ விபத்துக் காப்பீட்டில் புயல், வெள்ளப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

மின் ரசீதில் கட்டண வகையைக் கவனியுங்கள். வீட்டு இணைப்பு என்றால் 1-ஏ என்றிருக்கும். வணிக இணைப்புக்கு 5. வீட்டு இணைப்பில் கடை நடத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். ஏ.சி. ஓடும் பார்லருக்கு அது பெரிய தொகை.

பலர் மறக்கிற விஷயம் எடை. பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் டேபிள், ஸ்லேட் கல்லோடு சேர்த்து ஒரு டன்னைத் தாண்டும். அத்தனையும் எட்டுக் கால்கள் வழியாகத் தரையில் இறங்குகிறது. சுற்றி ஆட்களும் நிற்பார்கள். வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. மாடியில் போடுவதென்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். கட்டட உரிமையாளரின் வாய்மொழி உறுதி போதாது. கியூவை முழுதாக இழுத்து அடிக்க இடமும் வேண்டும். ஸ்னூக்கர் டேபிளுக்கு 22-க்கு 16 அடி, ஒன்பது அடி பூல் டேபிளுக்கு 18-க்கு 14 அடி தூணில்லாத இடம் இருந்தால் சௌகரியம்.

வாடகை விஷயத்தில், தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாதம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பேரம் பேச உங்களுக்கு உரிமை உண்டு. தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் 'பூல், ஸ்னூக்கர் விளையாட்டுக் கூடம் நடத்த' என்று பயன்பாட்டை வெளிப்படையாக எழுதுங்கள். 'வணிகம்' என்று மொட்டையாக எழுதினால், அக்கம்பக்கத்தார் முதல் புகார் கொடுக்கும் அன்றே உரிமையாளர் கைகழுவிவிடுவார்.

உரிமங்களில் மாநகராட்சித் தொழில் உரிமம் அடிப்படை. காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, எத்தனை டேபிள், எந்த நேரம், சிற்றுண்டி உண்டா என்ற விவரங்களோடு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போவது எளிது. பதிலே வரவில்லையென்றால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். டீ, சமோசா விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். பாட்டு போட்டால் பதிப்புரிமை அமைப்பின் உரிமம் தேவை. உள்ளே புகை பிடிக்க விட்டால் 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி உங்களுக்கும் அபராதம். வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் தடைப் பலகை வைக்க வேண்டும். பந்து எடுத்து வைத்து ஸ்கோர் சொல்லும் மார்க்கர் வேலைக்கு 14 வயதுக்குக் குறைந்த சிறுவனை நிறுத்துவது குற்றம். மார்க்கர்கள் இரவு முழுக்க நின்றே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பல பார்லர்களில் இன்னும் அந்த ஒரு ஸ்டூல் இல்லை என்பது வருத்தமான விஷயம்.

டேபிள் வாங்குவதில் ஏமாற்று அதிகம். ஸ்லேட் என்று சொல்லி மார்பிளோ மரப்பலகையோ தருவார்கள். பெல்ஜியம் பந்து என்று போலியைத் தள்ளிவிடுவார்கள். துணி ஒட்டுவதற்கு முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கல் பலகைகள் சந்திக்கும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டக் கூடாது. ரசமட்டத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் வையுங்கள். துணி போட்ட பிறகு ஒரு பந்தை மிக மெதுவாக நீளவாக்கில் உருட்டுங்கள். நிற்கப் போகும் கடைசி ஓரடியில் அது ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டம் சரியில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கல்லின் வகை, தடிமன், துணியின் பெயர், பொருத்தும் தேதி, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் இன்வாய்ஸில் வரட்டும்.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கியது. நீங்களே கடையில் நின்று இரண்டு, மூன்று டேபிள் நடத்துகிறவரென்றால் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பங்குதாரர்களோடு பல கிளைகள் நடத்துகிறவருக்குச் சிவில் நீதிமன்றமே வழி. அங்கே காலக்கெடு மூன்று ஆண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் சோதனைக்கு வந்தால் பதற வேண்டாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும் காவல்துறை ஒளி-ஒலிப் பதிவு செய்தாக வேண்டும். பறிமுதல் பட்டியலின் நகல் உங்கள் உரிமை. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டேபிளையோ பந்துகளையோ எடுத்துப் போனால், வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே சட்டத்தின் 497, 503-வது பிரிவுகளில் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலமாகத் திருப்பிக் கேட்கலாம். மாதாமாதம் கையூட்டு கேட்டு மிரட்டினால், கொடுத்தவரும் குற்றவாளிதான் என்கிறது 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம். நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தெரிவித்துவிட்டால் அவர் மீது வழக்கு வராது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.