உயர்த்திய வண்டியும் அதன் சுக்கானும்

1947ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிள்சித் தீவின் கடற்கரையிலே, ஒருவர் மணலில் ஒரு வண்டியின் உருவத்தைக் கீறிக் காட்டினார் என்பர். அவர் ரோவர் மோட்டர்க் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மொறிஸ் வில்க்ஸ். அந்த மணற்கோடுகளிலிருந்து பிறந்த லாண்ட் ரோவர் வண்டி 1948இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் உலகின் பார்வைக்கு வந்தது. வயலிலும் சேற்றிலும் கல்லிலும் ஓடுவதற்கென்றே எழுந்த அவ்வண்டி இலங்கையின் மலைநாட்டுப் பாதைகளுக்கும் புதியதன்று.

இத்தகைய வண்டியை வைத்திருப்போரிற் பலருக்கு ஒரு கட்டத்தில் ஓர் ஆசை பிறக்கின்றது. வண்டியின் உடல் இன்னும் சற்று உயர்ந்து நின்றால் பெரிய ரயர்களைப் பூட்டலாம். பாறையும் பள்ளமும் எளிதாகும் என்பது அவ்வாசை. இதில் ஒரு மயக்கமும் உண்டு. நீண்ட வில்களை வைப்பதால் உடலும் அடிச்சட்டமும் மட்டுமே உயர்கின்றன. சில்லுகளைத் தாங்கும் இருசு, நிலத்திலிருந்து முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். பெரிய ரயர் ஒன்றே அதனை உயர்த்த வல்லது. எவ்வாறாயினும், பழைய வில்களைக் கழற்றி 2 அல்லது 3 அங்குலம் உயர்ந்த வில்களைப் பூட்டுவது ஒரு நாள் வேலைதான். வேலை முடிந்த வண்டி கம்பீரமாக நிற்கின்றது. காட்டுப் பாதையிலும் குறை தோன்றுவதில்லை. மறுநாள் நெடுஞ்சாலையில் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓடும்போதுதான், வண்டி ஓரிடத்தில் நில்லாமல் இடமும் வலமும் அலைவதைச் சாரதி உணர்கின்றார்.

இவ்வலைச்சல் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியத் துவிச்சக்கர வண்டியொன்றை நோக்கினாற் போதும். அதன் கைப்பிடித் தண்டு நேர்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வுக் கோட்டைக் கீழே நீட்டினால், முன்சில்லு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது நிலத்தை அடையும். ஆகவே சில்லு தான் திரும்பும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகின்றது. இழுபட்டு வருவது தானாகவே நேராகும். மோட்டர் வண்டியின் முன்சில்லு திரும்பும் அச்சுக்கும் இதே சாய்வு கொடுக்கப்பட்டுள்ளது. இதனைக் காஸ்டர் கோணம் என்பர். லாண்ட் ரோவரில் இது 3 பாகை. சிறிய அளவுதான், எனினும் வளைவைக் கடந்த பின்னர் சுக்கான் தானாகவே நடுவுக்குத் திரும்புவது பெரும்பாலும் இச்சாய்வினாலேயே.

1983ஆம் ஆண்டுவரை லாண்ட் ரோவரின் இருசுகளை இலைவில்கள் தாங்கின. அவ்வாண்டில் வந்த புதிய வகையில் சுருள்வில்கள் இடம்பெற்றன. சுருள்வில் பாரத்தைத் தாங்குமேயன்றி, இருசை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கமாட்டாது. ஆதலால் முன்னிருசை இரு நீண்ட இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. அவை இருசிலிருந்து பின்னோக்கிச் சென்று அடிச்சட்டத்திற் பொருந்துகின்றன. அடிச்சட்டம் உயர்ந்ததும் கைகளின் பின்முனையும் அதனுடன் உயர்கின்றது. இருசோ கைகளுடன் இறுகப் பிணைந்திருப்பதால் முன்புறமாக உருள்கின்றது. கையின் நீளம் 32 அங்குலம் என்றும், உயர்த்திய அளவு 2 அங்குலம் என்றும் கொண்டால், இருசு உருளும் கோணம் ஏறத்தாழ 3½ பாகை. இருந்ததோ 3 பாகை! சாய்வு முற்றாக அழிந்ததோடு எதிர்ப்புறமாகவும் திரும்பிவிட்டது. இழுபட்டு வந்த சில்லு இப்பொழுது தள்ளப்பட்டு ஓடுகின்றது.

இழந்த கோணத்தை மீட்க வழிகள் சில உண்டு. கைகளின் முனையிலுள்ள றப்பர்ப் புஷ்களுக்குப் பதிலாகத் துளை நடுவிலன்றி ஒருபுறம் ஒதுங்கிய புஷ்களை இடுவது மலிவானது. ஆயினும் ஒருபுறத்தில் மெலிந்த புஷ் விரைவில் தேய்ந்துவிடும். வளைத்துச் செய்த புதிய கைகளைப் பூட்டுவது அதனினும் உறுதியானது. ஆனால் இவ்விரண்டும் இருசு முழுவதையும் பின்னோக்கி உருட்டுகின்றன. அப்போது இருசினுள் வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு வந்து சேரும் மூக்குப் பகுதி தாழ்ந்துவிடுகின்றது. தண்டின் மூட்டில் முறிவுக் கோணம் மிகுந்து அதிர்வு தோன்றும். நான்கு சில்லுகளும் எந்நேரமும் இயக்கப்படும் இவ்வண்டியில் முன்தண்டு ஓயாது சுழல்வதால், இது சிறிய குறையன்று. இருசை அசைக்காமல், அதன் இரு நுனிகளிலும் சில்லைத் தாங்கும் உருண்டை உறைகளைப் புதுத் துளைகளிட்டுச் சற்றே திருப்பிப் பூட்டுவது மூன்றாவது வழி. செலவு கூடியதாயினும் இரண்டு நோயையும் ஒருங்கே தீர்ப்பது அதுவே.

காஸ்டர் கோணம் சீரானதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இதனினும் ஆபத்தான தவறு நேர்வது இனிமேல்தான்.

இருசு பக்கவாட்டில் நகராதபடி, அடிச்சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து இருசின் மறுபக்கத்துக்குக் குறுக்காக ஒரு தண்டு செல்கின்றது. பிரெஞ்சு மோட்டர்க் கம்பனியொன்றின் பெயரால் அது பனார்ட் தண்டு எனப்படும். சுக்கான் பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்லும் டிராக் லிங்க் என்ற தண்டும் ஏறத்தாழ அதே சாய்வில், அதே போக்கில் அமைந்துள்ளது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. வண்டி குழியில் இறங்கி ஏறும்போது இரு தண்டுகளின் முனைகளும் வட்டத்தின் வில்போல அசைகின்றன. இரண்டும் ஒரே அளவாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் சில்லு திரும்பாது. வேறுபட்டு நகர்ந்தால், சாரதியின் கை அசையாதிருக்கவே சில்லு திரும்பும்.

கணக்கொன்றைப் பார்க்கலாம். இரு தண்டுகளும் 36 அங்குல நீளமானவை. ஒரு முனை மற்றதைவிட 2 அங்குலம் தாழ்ந்துள்ளது. சில்லு ஒரு கல்லில் ஏறி 2 அங்குலம் மேலெழுந்தால், தண்டின் முனை பக்கவாட்டில் நகர்வது ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். வண்டியை 3 அங்குலம் உயர்த்தியதும் தாழ்வு 5 அங்குலமாகின்றது. இப்பொழுது அதே கல்லில் ஏறினால், நகர்வு முன்னையதைப் போல் நான்கு மடங்கு. இரு தண்டுகளும் ஒன்றாகச் சாய்ந்திருக்கும் வரை உடல் சற்றுத் தள்ளாடுமேயன்றி வேறு தீங்கில்லை. ஆனால் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு கலங்கும் உரிமையாளர், சுக்கான் பெட்டியின் கையைக் கழற்றி 3 அங்குலம் கீழ்நோக்கி வளைந்த கையொன்றைப் பூட்டுகின்றார். டிராக் லிங்க் பழைய சாய்வுக்கு வந்துவிட்டது. பனார்ட் தண்டோ புதிய சாய்விலேயே நிற்கின்றது. இரண்டின் நகர்வுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆறில் ஒரு பங்கு வேறுபாடு. சில்லைத் திருப்பும் கை 6 அங்குல நீளமாயின், ஒவ்வொரு கல்லிலும் சில்லு ஒன்றரைப் பாகைக்கு மேல் தானாகத் திரும்பும். மழை நனைத்த மலைச் சாலையில், ஓரத்தே பள்ளமிருக்கும் வளைவில், இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலால் இரு தண்டுகளையும் ஒருமிக்க இறக்குதல் வேண்டும். இன்றேல் இரண்டையும் தொடாது விடுதல் வேண்டும். சிறிய உயர்வுக்குத் தொடாது விடுவதே நன்று. இறக்குவதாயின், பனார்ட் தண்டைத் தாங்கும் புதிய கொடுக்கு அடிச்சட்டத்தில் மிக உறுதியாக ஒட்டப்பட வேண்டும். கீழே தொங்குந்தோறும் அதன்மீது விழும் நெம்பும் வலு பெருகும்.

இரு முன்சில்லுகளையும் இணைக்கும் தண்டுக்கு இவ்வுயர்வினாற் கேடில்லை. அதன் இரு முனைகளும் இருசோடு சேர்ந்தே அசைவன. உட்சில்லு வெளிச்சில்லைவிடக் கூடுதலாகத் திரும்பும் ஒழுங்கும், ஆகவே, கெடுவதில்லை. மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லங்கென்ஸ்பெர்கர் கண்ட அவ்வொழுங்குக்கு 1818இல் இங்கிலாந்தில் உரிமை பெற்றவர் அக்கர்மன் என்ற புத்தக வெளியீட்டாளர். பெயரும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. இத்தண்டின் ஒரு முனை டிராக் லிங்கில் மாட்டப்பட்டுள்ள சில அமெரிக்க ஜீப் வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே உயர்த்திய உடனேயே இரு சில்லுகளின் நேர்மையும் மாறிவிடும்.

அந்த ஜீப் ஓட்டுநரிடையே மரண நடுக்கம் என்று அழைக்கப்படும் ஒரு கோளாறும் உண்டு. ஒரு மேட்டைத் தாண்டியதும் முன்சில்லுகள் கட்டுக்கடங்காமல் துடிக்கத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தாலன்றி அடங்கா. தளர்ந்த பனார்ட் புஷ், தேய்ந்த பந்து மூட்டு, சமன்செய்யாத ரயர் ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். சுக்கானுக்கு ஓர் அதிர்வுதாங்கியைப் பூட்டி இதனை அடக்குவதுண்டு. அது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

திருத்த வேலையின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. புதிய வில்கள் சில நாள் ஓடி அமர்ந்த பின்னரே அளவு பார்த்தல் வேண்டும். புஷ்களின் ஆணிகளை வண்டி தன் பாரத்தோடு தரையில் நிற்கையிலேயே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுகியே இருக்கும். காஸ்டர் கோணத்தைச் சில்லுகளை இருபுறமும் 20 பாகை திருப்பி அளப்பர். பனார்ட் தண்டின் நீளத்தை மாற்றி இருசை நடுவுக்குக் கொணர்ந்ததும் சுக்கான் கோணலாக நிற்கும். அதைக் கழற்றி நேராக வைத்துப் பூட்டுவது தவறு. சுக்கான் பெட்டியின் பற்கள் நடுவிலேதான் இறுக்கமாகப் பொருந்துகின்றன. ஆகவே சுக்கானை நடுவில் நிறுத்திவிட்டு டிராக் லிங்கின் நீளத்தையே திருத்த வேண்டும். முன்சில்லுகளின் நேர்மையைக் கையேட்டின் அளவுப்படி சரிபார்ப்பது கடைசி வேலை. அதன்பின், ஆளரவமற்ற சாலையில், முதலில் மெதுவாக, பின்னர் சற்று வேகமாக ஓட்டி, ஒரு வளைவைக் கடந்ததும் கையின் பிடியைச் சற்றுத் தளர்த்திச் சுக்கான் தானாகத் திரும்புகின்றதா என்று பார்க்கலாம்.